தரங்கம்பாடியில் படம் எடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மயிலாடுதுறையில் இருந்துகொண்டு கேமராவும் கையுமாக அலைகிறவனிடம் லீவு நாளில் ஊருக்கு வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒரே மாதிரிக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

தரங்கம்பாடியில படம் எடுக்க அப்படி என்னதான் இருக்கு?

காவிரிப் படுகையின் கடற்கரையில், காரைக்காலுக்கு வடக்கே இருக்கிற சின்ன ஊர் இது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, ஊர் வாசல், ராஜ வீதி, 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், கவர்னர் பங்களா எல்லாம் நடந்தே பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. டென்மார்க்காரர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அலை ஓரத்தில் நிற்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

படம் எடுக்கிறவருக்கு இதில் பெரிய வசதி, வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் பிறகு அதைத் தொடவே வேண்டாம் என்பது. ஊர் வாசலில் நுழைந்து ராஜ வீதியில் கிழக்கே நடந்தால் வீதி கடலில் போய் முடியும்.

எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?

சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே. இந்தப் பக்கத்தில் மே மாதக் கடைசியில் ஏறத்தாழ 5.45-க்கும், ஜனவரி கடைசியில் 6.30-ஐ ஒட்டியும் சூரியன் எழும். அதிலிருந்து அரை மணியைக் கழித்துக்கொள்ளுங்கள். சூரியன் தலைகாட்டுவதற்கு முன்னால் வானம் ஊதாவும் கருஞ்சிவப்புமாக இருக்கிற நேரம் கொஞ்சம்தான். அதைத் தவறவிட்டால் அன்றைய நாளின் சிறந்த வெளிச்சம் போய்விட்டது என்று அர்த்தம்.

நான் எல்லாரிடமும் அடித்துச் சொல்வது இதைத்தான்: தரங்கம்பாடி காலை நேரத்து ஊர். கடல் கிழக்கே இருக்கிறது. முதல் வெளிச்சம் தண்ணீரிலிருந்து கிளம்பி நேராகக் கோட்டையின் கடல்பக்கச் சுவரிலும் கோயிலிலும் ராஜ வீதியிலும் விழுகிறது. எட்டரை மணிக்கு மேல் அதே சுவர் வெளுத்துப்போய் நிற்கும். ஊரைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம், படம் எடுக்க வேண்டுமென்றால் விடியலில் வாருங்கள்.

ராத்திரி தங்கியே ஆகணுமா? காலையில கும்பகோணத்துல கிளம்பினா போதாதா?

போதாது. கும்பகோணத்தில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் ஒன்பது மணி ஆகிவிடும். தரங்கம்பாடியிலேயே கடலோரத்தில் தங்கலாம். பழைய கலெக்டர் பங்களாவே இப்போது விடுதியாக இருக்கிறது. செலவைக் குறைக்க நினைத்தால் பொறையாரிலோ திருக்கடையூரிலோ காரைக்காலிலோ அறை பாருங்கள். மயிலாடுதுறையில் தங்கினாலும் சுமார் 30 கிலோமீட்டர்தான், விடியற்காலை வண்டியில் சீக்கிரம் வந்துவிடலாம்.

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயில் 1986-இல் நின்றுபோனது.

நல்ல கேமரா இல்லைங்க, செல்போன்தான். போதுமா?

தாராளமாகப் போதும். மூன்று காரியம் செய்யுங்கள். லென்ஸைத் துடையுங்கள். கடற்காற்றில் பத்து நிமிடம் நின்றாலே கண்ணாடியில் உப்புப் படலம் படிந்து, சூரியனைச் சுற்றிப் புகை மூட்டம் போல வரும். அடுத்து, திரையில் கட்டக் கோடுகளை வைத்துக்கொள்ளுங்கள், கடல் கோடு சாயாமல் இருக்கும். மூன்றாவது, வானத்தில் பிரகாசமான இடத்தை விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். போன் தானாக எடுத்தால் விடியல் வானத்தையும் பகல் போல வெளுப்பாக்கிவிடும்.

செல்போனுக்கு எட்டாதது தூரத்துப் படகு. ஜூம் செய்து புள்ளி புள்ளியாக எடுப்பதைவிட, அந்தப் படகு கரைக்கு வரும்வரை காத்திருங்கள். எப்படியும் வரும்.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

தை, மாசி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டது போல இருக்கும், வெயிலும் சுடாது. ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் மேகம் அற்புதமாக இருக்கும், ஆனால் புயல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது இதே கடற்கரையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் அலையைப் படம் எடுக்கப் போகவே போகாதீர்கள்.

பள்ளி விடுமுறை சித்திரையில்தான் என்றால், காலை ஆறு முதல் எட்டு, மாலை ஐந்துக்கு மேல் என்று பிரித்துக்கொண்டு நடுப்பகலைத் தூங்கக் கொடுத்துவிடுங்கள்.

கோட்டையை எங்க நின்னு எடுக்கணும்?

முக்கியக் கட்டடம் கோட்டையின் கிழக்குப் பக்கத்தில், கடலுக்கு இணையாக நீண்டு நிற்கிறது. அதனால் அதற்கு இரண்டு முகம். கடற்கரையில் நின்று எடுக்கிற முகத்துக்குக் காலை வெயில், உள்முற்றத்தில் நின்று எடுக்கிற முகத்துக்குப் பிற்பகல் வெயில். இது ஒன்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. விடியலில் திறக்க மாட்டார்கள், வழக்கமாக வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே காலையில் வெளிப்புறம், நான்கு மணி வாக்கில் உட்புறம் என்று வைத்துக்கொள்வது சரியாக வரும்.

எனக்குப் பிடித்த இடம் வடக்கே, மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நின்று தெற்கே பார்ப்பது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் நேர் கிழக்கில் எழாது, தென்கிழக்கே விலகி எழும். அப்போது கரை வளைவு, கோட்டை, எழுகிற சூரியன் மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவரலாம். ஆனி, ஆடியில் அதே இடத்தில் நின்றால் சூரியன் உங்கள் இடது தோளுக்குப் பின்னால் போய்விடும், படத்தில் சிக்காது. ஆனால் கோட்டைச் சுவரில் வெளிச்சம் இன்னும் நன்றாக விழும். இரண்டும் இரண்டு விதமான படம்.

கோட்டை ஓரத்தில் அலைத் தடுப்புக்காகக் கொட்டியிருக்கிற கருங்கற்கள் மேல் ஏறாதீர்கள். பாசி படிந்த கல் காய்ந்தது மாதிரியே இருக்கும், கால் வைத்தால் வழுக்கும்.

ஊர் வாசலை எடுத்தா வெள்ளையா வெடிச்சுப் போகுது, எழுத்தே தெரியல. ஏன்?

வெள்ளைச் சுவர், மேலே வெயில். போன் சுற்றியுள்ள மரத்தையும் ரோட்டையும் கணக்கிட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. சுவரையே தொட்டு, செல்போன் பதிலில் சொன்னபடி வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். வெளிமுகம் மேற்கு பார்த்தது, எனவே மாலை நாலரைக்கு மேல் எடுத்தால் பக்கவாட்டு வெயிலில் புடைப்புச் சிற்பம் எடுப்பாகத் தெரியும். மேலே டேனிஷ் அரச முத்திரையும் 1792 என்ற ஆண்டும் இருக்கின்றன. பழைய வாசல் சிதைந்து, புதிதாகக் கட்டிய ஆண்டு அது.

திருக்கடையூர்ல மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். முடிச்சுட்டு எல்லாரும் அப்படியே தரங்கம்பாடி வந்து ஒரு குரூப் போட்டோ எடுக்கணும். மதியம் ஒரு மணி ஆயிடும். என்ன பண்றது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். திருக்கடையூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் வாக்கில்தான், அதனால் பட்டுப் புடவையும் மாலையுமாக வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். உச்சி வெயிலில் கடலுக்கு முன்னால் நிற்க வைத்தால் எல்லார் கண்ணுக்குக் கீழும் கருநிழல் விழும், பெரியவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள், மணலும் சுடும். கடலை விட்டுவிடுங்கள். கவர்னர் பங்களாவின் தூண் வரிசை நிழல், கோட்டை உள்ளே வளைவு வாசல்களின் விளிம்பு, ராஜ வீதி மர நிழல் இவற்றில் ஓரிடத்தைப் பிடியுங்கள். நிழலின் உள்விளிம்பில் நின்று முகம் திறந்த வெளியைப் பார்த்திருந்தால் வெளிச்சம் மென்மையாக விழும். மாமாவும் மாமியும் நாற்காலியில், பிள்ளைகள் கீழே, மற்றவர்கள் பின்னால்.

நேரம் இருந்தால் சாப்பிட்டுவிட்டு, பெரியவர்களைப் படுக்க வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு அழைத்து வாருங்கள். மாலையில் மேற்கிலிருந்து வெயில் முகத்தில் விழ, பின்னால் கடல் நீலமாக இருக்கும். குடும்பப் படத்துக்கு விடியலைவிட இந்த நேரம்தான் தோது. விடியலில் சூரியன் பின்னால் இருப்பதால் முகம் கறுத்துவிடும்.

கடல்ல சூரியன் மறையறதை எடுக்க முடியுமா?

முடியாது, இது கிழக்குக் கடற்கரை. சூரியன் வயலில்தான் மறையும். அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள், இந்த மாவட்டத்தில் மாலைப் படம் என்றால் அது வயலில்தான் இருக்கிறது.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கடைமடையான நம் பக்கம் வந்து சேரத் தாமதமாகும். நடவு முடிந்த வயலில் நாற்று இன்னும் பக்கம் வெடித்துத் தூர் கட்டாமல், வரிசைக்கு நடுவே தண்ணீர் தெரிகிற சில வாரங்கள் இருக்கின்றன. சம்பாவில் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி அது அமையும். அப்போது பொறையார் பக்கமோ ஆக்கூர் பக்கமோ ஒரு வரப்போரம் குந்தி உட்கார்ந்து, போனைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். மேற்கு வானம் முழுக்க வயலுக்குள் இறங்கியிருக்கும், நாற்றின் ஒவ்வொரு நுனியும் தன் நிழலோடு சேர்ந்து ஊசி மாதிரி நிற்கும். மடையில் தண்ணீர் ஓடுகிற சத்தமும் கொக்கும் இலவசம். வரப்பில் ஏறுவதற்கு முன் வயல்காரர் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். புது வரப்பை மிதித்து உடைத்தால் தண்ணீர் வடிந்துவிடும்.

ஆலயத்தை எடுத்தா கட்டடம் பின்னால சாயற மாதிரி வருதே?

கிட்டே நின்று போனை மேல்நோக்கிச் சாய்ப்பதால் வருவது. எதிர்ப்பக்கம் போய், போனைச் செங்குத்தாக நேராகப் பிடியுங்கள். கீழே தரை அதிகமாக வந்தால் வெட்டிவிடலாம். இடமே இல்லையென்றால் முழுக் கட்டடத்துக்கு ஆசைப்படாமல் ஒரு பகுதியை எடுங்கள். புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் கிரீடம் போட்ட முத்திரை இருக்கிறது. அது ஒன்றே ஒரு நல்ல படம். 1706 ஜூலை 9 அன்று இந்த ஊரில் வந்து இறங்கி, தமிழில் அச்சகம் நடத்திய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய ஆலயம் அது. அவருடைய கல்லறையும் அதற்குள்ளேதான்.

மீனவர்களைப் படம் எடுத்தா கோவிச்சுக்குவாங்களா?

கேட்டு எடுத்தால் யாரும் கோபித்ததில்லை. கேட்காமல் தூரத்திலிருந்து நீள லென்ஸ் போட்டு எடுத்தால் கோபம் வரும், அது நியாயமும்கூட. முதலில் கேமராவைப் பைக்குள் வையுங்கள். “என்னண்ணே, இன்னிக்கு என்ன பட்டுச்சு?” என்று கேளுங்கள். பெண்களிடம் அக்கா, பெரியவர்களிடம் ஐயா. வலை பிரிக்கிற கையைப் பத்து நிமிடம் பாருங்கள், அப்புறம் “ஒரு படம் எடுத்துக்கட்டுமாண்ணே?” என்றால் தலையாட்டுவார்கள்.

அந்தக் கையைத்தான் நான் எடுக்கச் சொல்வேன். நைலான் கண்ணியில் கால் சிக்கிய நண்டை விடுவிப்பது லேசான வேலை இல்லை. கொடுக்கு கடிக்காதபடி கட்டை விரலால் முதுகை அழுத்திப் பிடித்து, மற்றக் கையால் ஒவ்வொரு காலாகக் கண்ணியிலிருந்து உருவுவார்கள். விரல் நகத்தில் செதில் ஒட்டிக்கொண்டு வெயிலில் மின்னும். வலையும் கையும் மட்டும் நிறைகிற மாதிரி கிட்டப்போய் எடுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். அனுப்புகிறேன் என்று சொன்னால் கட்டாயம் அனுப்புங்கள், அடுத்து வருகிறவருக்கும் அந்த மரியாதை கிடைக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கேட்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஊர் நிறையப் பேரை இழந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் கடற்கரையில் அஞ்சலி செலுத்துவார்கள். அழுகிற முகத்துக்கு நேரே கேமரா நீட்டாதீர்கள். அன்று போயிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்துல வந்தா படகே இருக்காதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாது. ஃபைபர் படகுகள் போய்வரும், அதனால் கரை வெறிச்சோடிவிடாது. விசைப்படகுகளுக்கு வர்ணம் அடிப்பது, வலை பின்னுவது எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். நிறங்களுக்காகவே அப்போது வரலாம்.

கோயில், சர்ச் உள்ளே எடுக்கலாமா?

கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. மாசிலாமணிநாதர் கோயிலை வெளியே கடற்கரையிலிருந்து எடுத்தாலே போதும், அழகு முழுக்க வெளியேதான். ஆலயங்களில் ஆராதனை நேரத்தைத் தவிர்த்து, அங்கே இருப்பவரிடம் கேளுங்கள், பிளாஷ் போடாதீர்கள்.

கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கிற அவுட்டோர் ஷூட் கோட்டையில எடுக்கலாமா?

சும்மா வந்து நான்கு படம் எடுப்பது வேறு, விளக்கு, ட்ரைபாட், உடை மாற்றம் என்று ஆள்படையோடு வருவது வேறு. இரண்டாவதற்கு தொல்லியல் துறையிடம் முன்னதாக அனுமதி வாங்க வேண்டும். வாசலில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று நம்பி வந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் வெயிலில் காத்திருக்கிற நிலைமை வேண்டாம். கடற்கரையில் தடையில்லை, ஆனால் காய்கிற வலை மேலோ படகு மேலோ கேட்காமல் ஏறி உட்காராதீர்கள்.

ட்ரோன்?

2021 ட்ரோன் விதிகளின்படி பதிவு எண் வேண்டும். எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்பதைக் குறிக்கிற பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலம் எது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பார்க்க வேண்டும். கடலோரம் என்பதால் போலீசுக்கும் சொல்லிவிடுங்கள், கோட்டைக்கு மேலே பறக்கவிட மேலே சொன்ன அனுமதி தனியாக வேண்டும். இவ்வளவும் செய்ய நேரமில்லை என்றால் ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பௌர்ணமி நிலா கடல்ல எழும்பறப்போ எடுத்தேன். நிலா வெறும் வெள்ளை வட்டம், கீழே எல்லாம் இருட்டு. ரெண்டும் சேர்ந்து வர வழி இருக்கா?

இருக்கிறது, அதற்கு முந்தின நாளே போக வேண்டும். பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டித்தான் நிலா எழும். அது மேலே வந்து நிறம் தெளிவதற்குள் இருட்டிவிடும். நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளி எழுகிறது. அப்படியென்றால் முந்தின நாள் சூரியன் மறைவதற்கு முன்பே கிழக்கில் வந்து நிற்கும். கரையில் இன்னும் மாலை வெளிச்சம் இருக்கும், நிலாவும் கண் கூசுகிற அளவு பிரகாசமாக இருக்காது. நிலாவும் அலையும் படகும் ஒரே படத்தில் பதியும்.

இதற்குக் கேமராவும் நீள லென்ஸும் இருந்தால் நல்லது. செல்போனில் நிலா பொட்டு மாதிரிதான் வரும். அப்போது நிலாவைப் பெரிதாக்கப் பார்க்காமல், ஈர மணலில் அதன் வெளிச்சக் கோடு விழுவதை எடுங்கள்.

கோட்டை படம் எல்லாரும் எடுத்ததுதானே. வேற என்ன எடுக்கலாம்?

ஏழரைக்கு மேல் கடலை விட்டுத் திரும்பி, ராஜ வீதிக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் நடங்கள். ஓட்டு வீடுகள், திண்ணையை ஒட்டிய மரத் தூண்கள், காரை பெயர்ந்து செங்கல் தெரிகிற மதில். இளவெயில் ஜன்னல் கம்பி வழியாகத் திண்ணையில் விழுகிறபோது வாசலில் கோலம் இன்னும் ஈரமாக இருக்கும். வீட்டுக்காரர் வெளியே வந்தால் வணக்கம் சொல்லிக் கேட்டுவிட்டு எடுங்கள்.

அதற்கு மேலும் ஒரு நாள் இருந்தால் வடக்கே பூம்புகார் சுமார் 20 கிலோமீட்டர், காவிரி கடலில் சேர்கிற இடம். தெற்கே நாகூர், அங்கே தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது. பறவை எடுக்க ஆசையென்றால் கோடியக்கரை, நவம்பர் முதல் ஜனவரி வரை. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், தரங்கம்பாடியோடு சேர்க்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை என்ன செய்யணும்?

அன்றைக்கே துடையுங்கள். முதலில் ஊதி மணலை விலக்குங்கள், மணல் இருக்கும்போதே துடைத்தால் கண்ணாடி கீறிவிடும். அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் உடம்பை மட்டும் துடைத்து, லென்ஸுக்கு அதற்குரிய துணியைப் பயன்படுத்துங்கள். ட்ரைபாட் கால் உப்புத் தண்ணீரில் நின்றிருந்தால் குழாயடியில் கழுவி, கால்களை விரித்து நிழலில் காயவிடுங்கள். மடக்கி வைத்தால் திருகு துருப்பிடித்து அடுத்த முறை திறக்காது.